கருப்பட்டி ஜெல்லி மேல் போட்ட பழி

என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு நான் வீட்டில் செய்த ஜெல்லி மிட்டாய்தான் காரணம் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். குழாயடியில் பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் பேசுகிறார்கள். நான் போய் நின்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பேசட்டும், எனக்கென்ன. ஆனால் நடந்ததை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சே வெடித்துவிடும்.

நாங்கள் இருப்பது திருத்தங்கலில். நான் ஓர் அச்சகத்தில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் தாள் தாளாக மெஷினிலிருந்து வரும். கலர் விலகியிருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கழிவை ஒரு பக்கமும் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பேப்பர், அட்டை, பெட்டி என்று எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் போவார். எங்களுக்கு ஒரே மகள், அப்போது நாலு வயது.

சாப்பாடு விஷயத்தில் அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. சோற்றைக் கண்டால் ஓடுவாள். கீரையை வாயில் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் திரும்புகிற நேரம் பார்த்துத் துப்பிவிடுவாள். ஒருநாள் அங்கன்வாடி டீச்சர் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, பிள்ளைக்கு ரத்தமே இல்ல. கண்ணக் கீழ இழுத்துப் பாருங்க, வெளுத்துப்போய் இருக்கு. முருங்கக்கீரை, பேரீச்சம்பழம், கருப்பட்டி, எதையாச்சும் உள்ள தள்ளுங்க. இப்பிடியே விட்டா பிள்ளை எந்திரிச்சு நடக்க மாட்டா.”

அன்றைக்கு எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தள்ளுங்க என்றால் எப்படித் தள்ளுவது? அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், கடையில் விற்கிற ஜெல்லி மிட்டாய். சிவப்பும் பச்சையுமாக, ரப்பர் மாதிரி இழுபடுமே, அது. அதற்காக மண்ணில் புரண்டு அழுவாள். அந்தக் கலரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் நாள் பூராவும் மெஷினில் பார்க்கிற கலர் அது. லேபிளில் இருக்கிற சிவப்பைப் பிள்ளையின் நாக்கிலும் பார்க்க வேண்டுமா?

அப்புறம்தான் யோசனை வந்தது. ஜெல்லிதானே வேண்டும் இவளுக்கு? கருப்பட்டியை ஜெல்லியாக்கிக் கொடுத்தால் என்ன? போனில் தேடினால் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஜெலட்டின் பொடி வாங்கி வந்து, சுடுதண்ணீரில் கரைத்து, கருப்பட்டிப் பாகில் ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அப்போது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போவதற்காக மாலை போட்டு விரதம் இருந்தார். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, “அது என்ன பொடி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போனில் பார்த்துவிட்டு, “மாட்டெலும்புல எடுக்கிறதாம்ங்க” என்றேன். அவ்வளவுதான், மனுஷன் துள்ளிக் குதித்து வாசலுக்குப் போய்விட்டார். “அடிப்பாவி, மாலையோட நிக்கேன், அடுப்பில எலும்பையா காச்சுத?” என்று அங்கிருந்தே சத்தம். சட்டியோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வீட்டைக் கழுவிவிட்டேன்.

பிறகு கடல்பாசிக்கு மாறினேன். நாட்டு மருந்துக் கடையில் வெள்ளையாக, காய்ந்த நார் மாதிரி விற்பார்கள். ஆனால் கடல்பாசி லேசில் வழிக்கு வராது. முதல் தடவை வாயில் போட்டால் படக்கென்று உடைந்தது, இழுபடவே இல்லை. மகள் ஒன்றைக் கடித்துவிட்டு, “இது ஜெல்லி இல்ல” என்று என் கையிலேயே துப்பினாள். இரண்டாவது தடவை தண்ணீர் கூடி, தட்டில் கொழகொழவென்று நின்றது. மூன்றாவது தடவை பாகு முற்றிக் கல்லாகிவிட்டது. விடுவேனா நான்? ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்படிதான் கதி. ஒருவழியாக நாலாவது வாரம் கைக்கு வந்தது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, நாவல்பழச் சாறும் அரைத்த பேரீச்சம்பழமும் சேர்த்து, பாகு கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும்வரை கிண்ட வேண்டும். கடல்பாசியைத் தனியாக ஊறவைத்துக் கரைத்து, கடைசியில் சேர்க்க வேண்டும். துளி சுக்குப் பொடி, அரை மூடி எலுமிச்சம்பழம். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவைத்து, துண்டு போட்டு, சுளகில், அதாவது முறத்தில், பரப்பி, மேலே வெள்ளைத் துணியை மூடி இரண்டு நாள் நிழலில் காயப்போட வேண்டும். காய்ந்தால்தான் இழுபடும். காயப்போடுவதைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் எந்த நேரம் எங்கே விழும், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தூங்கும்போது கேட்டாலும் சொல்லுவோம்.

துண்டு போடுவதற்கு ஓர் அச்சு வேண்டியிருந்தது. பிள்ளைக்குத் தொண்டையில் சிக்காத அளவில், சின்னதாக, தட்டையாக இருக்க வேண்டும். ஒரு புது மார்க்கர் பேனா வாங்கி, அதன் மூடியை வெந்நீரில் போட்டு எடுத்து, அதை வைத்து வட்ட வட்டமாக அழுத்தி எடுத்தேன். கருகருவென்று, சட்டைப் பொத்தான் அளவில், நூறு வட்டம் சுளகில் கிடந்தது. ஒட்டாமல் இருக்க மேலே கொஞ்சம் அரிசி மாவு தூவினேன். பார்க்கவே அழகாக இருந்தது.

வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். “ஏ, இது பாம்பு மாத்திரை மாதிரில்லா இருக்கு!”

பாம்பு மாத்திரை எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்குப் பற்றவைத்தால் புகையைக் கக்கிக்கொண்டு கரும்பாம்பாக நெளிந்து நீளுமே, அந்தக் கறுப்பு மாத்திரை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் பட்டாசில்தான் போய் முடியும். கல்யாண வீட்டில் பெரிய லட்டு வைத்தால் அணுகுண்டு என்போம். சுழன்று சுழன்று ஆடுகிற பிள்ளையைத் தரைச்சக்கரம் என்போம். வேறு ஊர்க்காரியாக இருந்தால், ஐயையோ, பிள்ளை இதைப் பார்த்து அதைத் தின்றுவிடக் கூடாதே என்று அங்கேயே அச்சை மாற்றியிருப்பாள். எனக்குத் தோன்றவில்லை. பட்டாசைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன ஜனம் நாங்கள். என் மேல் தப்பு உண்டு என்றால் அது இதுதான், இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் இதற்கு மேல் ஒரு குண்டுமணி அளவு தப்பைக்கூட என் தலையில் ஏற்ற நான் விடமாட்டேன்.

மகள் அந்த ஜெல்லியைத் தின்றாள். ஒன்று தின்று, இரண்டு தின்று, “இன்னும் குடு” என்று கையை நீட்டினாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தினமும் நாலு, காலையில் இரண்டு, சாயந்தரம் இரண்டு. இரண்டு மாதத்தில் அங்கன்வாடி டீச்சரே கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, “பரவால்லையே, செவப்பு ஏறியிருக்கு. என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார். நான் ஏதோ பெரிய பரீட்சையில் பாஸான மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தேன்.

இனி எதிர்வீட்டு மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த மதினி இல்லை, பழக்கத்தில் மதினி. புருஷன் இல்லாதவர். நான் வேலையிலிருந்து திரும்பும்வரை என் மகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அங்கன்வாடி விட்டதும் கூட்டி வந்து, கைகால் கழுவிவிட்டு, சோறு ஊட்டி, தூங்கவும் வைப்பார். ஜெல்லியையும் ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்தனுப்புவேன். சும்மா சொல்லக்கூடாது, தன் பிள்ளை போலத்தான் பார்த்தார்.

சீசன் தொடங்கியதும் மதினி வீட்டுக்கு லோடு வந்தது. ஓர் ஏஜெண்டு வெள்ளைச் சாக்கில் கட்டி பைக்கில் கொண்டுவந்து இறக்குவார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். சாக்குக்குள் பாம்பு மாத்திரை. சின்ன அட்டைப் பெட்டியில் பத்துப் பத்தாகப் போட்டு, லேபிள் ஒட்டி, மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது. அது அண்ணாச்சிக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனாலும் எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டில் நடந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மதினியிடம் ஒரு தடவை, “பிள்ளை இருக்கிற இடத்தில வேண்டாமே மதினி” என்றேன். “உம்மவளத் தொட விடுவேனா தாயி? நான் இருக்கேன்ல” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு மெஷின் பக்கம் போய் நிற்கிறேன், மதினி போன் பண்ணினார். அழுகையில் பாதி வார்த்தை விளங்கவில்லை. “பிள்ள வாந்தியா எடுக்கா... உன் வீட்டுக்காரர் வந்து தூக்கிட்டுப் போறாரு... சிவகாசி பெரியாஸ்பத்திரிக்கு வா தாயி” என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னோடு வேலை பார்க்கிற பெண் ஸ்கூட்டியை எடுத்தாள். பின்னால் ஏறிக்கொண்டு போனேன்.

மகள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு, நாக்கு, கன்னம், விரல் எல்லாம் கறுப்பு. கண்ணைத் திறக்கிறாள், மூடுகிறாள். நான் குனிந்து தூக்கப் போனேன், நர்ஸம்மா தடுத்தார்.

“நீங்கதான் அம்மாவா? என்ன போட்டும்மா மிட்டாய் செஞ்சீங்க? என்ன கலர்ப் பொடி அது?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “கலரெல்லாம் போடலையே. கருப்பட்டி, நாவப்பழம்...”

“அப்புறம் ஏம்மா இப்படி வாந்தி எடுக்குது? வீட்ல செஞ்ச மிட்டாய் தின்னு ஒத்துக்கலைன்னு பிள்ளையோட அப்பா சொல்லியிருக்காரு. டாக்டர் அதத்தான் எழுதியிருக்காங்க. அதுக்குத்தான் மருந்து குடுத்திருக்கு. வாந்தி நின்னதும் கூட்டிட்டுப் போகலாம்னாங்க.”

அப்பா சொல்லியிருக்காரு. மகளின் வாய்ப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனேன். கருப்பட்டி வாடை இருந்தது. அதற்கு மேல் இன்னொரு வாடை அடித்தது, ரோட்டுக்குத் தார் காய்ச்சுகிற இடத்தில் அடிக்குமே, அந்த வாடை. தீபாவளிக்குத் தீபாவளி வாசலில் முகர்ந்த வாடைதான். என் ஜெல்லியில் தார் எங்கிருந்து வந்தது? யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் கொடுத்தனுப்பிய டப்பாவில் ஜெல்லி தீர்ந்திருக்கும். பக்கத்துச் சுளகில் அதே கறுப்பில், அதே வட்டத்தில், மாத்திரை கிடந்திருக்கும்.

வெளியே வந்தேன். வராந்தாவில் தூணோரம் என் வீட்டுக்காரர், மதினி, அண்ணாச்சி மூன்று பேரும் நின்றார்கள். அண்ணாச்சிதான் பேசிக்கொண்டிருந்தார், இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் போனதும் பேச்சு நின்றது.

“என்னங்க சொன்னீக டாக்டர்ட்ட?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ சத்தம் போடாத. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக.”

“அவ என்னத்தத் தின்னா? மாத்திரையத்தான தின்னா?”

அண்ணாச்சி குறுக்கே வந்தார். குரலைத் தணித்து, ரொம்ப அக்கறையாகப் பேசினார். “இந்தா பாரு தங்கச்சி, ரெண்டுந்தான் தின்னிருக்கா. எது ஒத்துக்கலைன்னு யாரு கண்டா? பட்டாசுன்னு ஒரு வார்த்தை எழுதிட்டாம்னு வையி, போலீஸ் வரும், ஆபீசர் வருவாக. சீசன் நேரம். உங்க தெருவில அம்புட்டுப் பேர் அடுப்பும் அணைஞ்சிரும். மிட்டாய்னு சொன்னா யாருக்கு என்ன நட்டம், சொல்லு? மிட்டாய ஜெயில்ல போடப் போறாகளா?”

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னைய உள்ள வச்சிருவாக தாயி. உன் காலப் பிடிக்கேன். மிட்டாய்னே இருக்கட்டும்.”

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை நின்று, என் பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று வடிகட்டி வடிகட்டிச் செய்த பண்டம். அது விஷமாம், சாக்கில் வந்தது சாதுவாம். சரி, என் ஜெல்லியை என்ன வேண்டுமானாலும் சொல்லித் தொலையுங்கள், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் உள்ளே கிடக்கிறது பிள்ளை. டாக்டர் மிட்டாய்க்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார். வயிற்றில் இருப்பது வேறு. இது பெற்ற தகப்பனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றாரே! அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

“நீங்கள்லாம் மனுசங்கதானா?” என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “உம்ம பிள்ளையா இருந்தா இப்பிடித்தான் சொல்லுவீரா அண்ணாச்சி? உம்ம வீட்டுக்குள்ள ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தச் சாக்க அவுத்திருக்கீரா? உம்ம பேரப்பிள்ளையப் பக்கத்தில உக்கார வச்சிருக்கீரா? எங்க வீட்ல மட்டும் இறக்கத் தெரியுதுல்ல!” வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன். “நீங்க பேசாதீக. நீங்க என்கூடப் பேசவே பேசாதீக.”

நேரே டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். “எம்மக தின்னது மிட்டாய் இல்ல டாக்டர். பாம்பு மாத்திரை. எதிர்வீட்ல பெட்டியில போட்டுக்கிட்டிருந்தாக. எத்தனை தின்னான்னு தெரியல” என்றேன். அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். “இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று கோபப்பட்டார். அதில் என்னென்ன இருக்கும், பெட்டியில் ஏதாவது எழுதியிருக்குமா என்று கேட்டார்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கும் என்று என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அந்த லேபிளை எத்தனை ஆயிரம் தாள் பார்த்திருப்பேன். திறந்தவெளியில் பற்றவைக்கவும் என்று இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று இருக்கும், அந்த வரியில் ஒரு எழுத்து மங்கினால்கூடத் தாளைக் கழித்துப்போடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் எந்த மூலையிலும் இருக்காது. எட்டாத இடத்தில் வைக்கச் சொல்கிற லேபிளைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒட்டுகிறார்கள். என் கண் வழியாகப் போன லேபிள்தானே அது என்று நினைத்தபோது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. “ஒண்ணும் எழுதியிருக்காது டாக்டர்” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்து போட்டவர் வெளியேதான் நிற்கிறார், அவரைக் கேளுங்கள் என்று காட்டத் திரும்பினேன். அண்ணாச்சி நின்ற இடம் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் அவருடைய போனுக்கு அடித்துப் பார்த்தார். அடித்து அடித்து நின்றது, எடுக்கவில்லை.

அப்போது மதினி உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல், சேலைத் தலைப்பில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு மாத்திரை. பிள்ளை கையிலிருந்து பிடுங்கியதை டாக்டரிடம் காட்டத்தான் முடிந்து வந்திருக்கிறார். வராந்தாவில் அண்ணாச்சி வாயை அடைத்ததும் அப்படியே வைத்துக்கொண்டார். “இது ரெண்டு போக மூணு குறைஞ்சிருந்துச்சு டாக்டரம்மா. வாயிலருந்து ஒண்ணரை எடுத்துட்டேன். மீதி உள்ள போயிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

டாக்டர் யார் யாருக்கோ போன் பண்ணினார். பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி விருதுநகருக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் அங்கே இருந்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி குத்த இடம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை. ஊற வேண்டும் என்று நான் தவம் கிடந்த ரத்தத்தைக் குழாய் குழாயாக எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் சாயந்தரம் அவள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் தின்ற பிஸ்கட்டைப் பார்த்தாள். உயிரோடு திரும்பிவிட்டாள் என்று அப்போதுதான் நம்பினேன். நேரத்துக்குச் சொன்னதால் நல்லதாகப் போயிற்று என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

“அந்த நேரத்தில ஒண்ணும் ஓடல. தெருவில எல்லாரும் நம்மளத்தான் சொல்லுவாகன்னு...” என்று பிறகு என்னிடம் ஆரம்பித்தார்.

“தெரு வந்து பெத்துக் குடுத்துச்சா?” என்றேன். அன்றைக்கு நின்ற பேச்சு, சோறு போடவா, தண்ணி வேணுமா என்ற அளவுக்குத் திரும்பவே பல நாள் ஆயிற்று.

நாங்கள் திரும்பி வருவதற்குள் தெருவைத் துடைத்து வைத்துவிட்டார்கள். ஆபீசர்கள் வந்தபோது ஒரு வீட்டிலும் ஒரு சாக்கு இல்லை, ஒரு மாத்திரை இல்லை. மதினி உட்பட யாரைக் கேட்டாலும் எங்களுக்குத் தெரியாது என்றார்களாம். தெரிந்த விஷயம் ஒன்று மட்டும் எல்லார் வாயிலும் தயாராக இருந்தது. அந்த வீட்டுப் பொம்பளைதான் கறுப்புக் கறுப்பாக என்னத்தையோ செய்து பிள்ளைக்குக் கொடுத்துப் பழக்கினாள், பிள்ளை அதுவென்று நினைத்து இதைத் தின்றுவிட்டது. இப்படி ஒரு ஞாயம்! சாக்கைக் கொண்டுவந்தவன் பெயர் யார் வாயிலும் வரவில்லை. நான் உண்மையைச் சொன்னதால் லோடு நின்றுபோயிற்று என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். “நல்லாத்தான் இருக்கு உங்க ஞாயம். எம்மக செத்திருந்தா லோடு நிக்காம வந்திருக்கும்லா?” என்று கேட்டேன்.

நான் ஜெல்லி செய்வதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்த வேண்டும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அடுப்பைப் பற்றவைத்தேன். அதே கருப்பட்டி, அதே நாவல்பழம். மார்க்கர் மூடியை மட்டும் குப்பையில் வீசிவிட்டு, நீள நீளமாக, விரல் நீளத்துக்கு வெட்டினேன். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், அச்சகத்தில் கெஞ்சிக் கூத்தாடி என் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். மதினியும் நானும் எதிரும் புதிருமாகக் குடியிருந்துகொண்டு பேசாமல் இருந்தோம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் தெருவிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். மற்ற பிள்ளைகளோடு தெருக்கோடி வீட்டுக்கு விளையாடப் போயிருக்கிறாள்.

“என்ன மட்டும் போன்னு சொல்லிட்டாகம்மா. எல்லாரும் இருக்காக. என்ன மட்டும் உள்ள வரக்கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“அங்கன இருக்கிற அத்தை. அண்ணாச்சி சொன்னாகளாம்.”

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். லோடு வந்திருந்தது. எங்கள் தெருவில்தான், வீடு மட்டும் மாறியிருக்கிறது. நாலு பெண்கள் சுளகைச் சுற்றி உட்கார்ந்து பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் மதினியும் இருந்தார், என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். அவர்களுக்கு நடுவில், மடியை ஒட்டி, முதுகை ஒட்டி, ஏழு பிள்ளைகள். ஒன்று பெட்டியை அடுக்குகிறது, ஒன்று லேபிளுக்குப் பசை தடவுகிறது. ஒரு கைக்குழந்தை சுளகின் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறது.

அவ்வளவு நடந்து, அவர்கள் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். என் பிள்ளையை மட்டும் உள்ளே விடக் கூடாது. அவளால் லோடு நின்றுவிடுமாம்.

“ஏ, இந்தப் பிள்ளைகளை வெளிய அனுப்புங்க” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “எம்மவ பட்டது போதாதா உங்களுக்கு? பிள்ளைகளை வெளிய அனுப்புங்க முதல்ல!”

“உன் பிள்ளதான் இங்கன இல்லையே தாயி. உனக்கென்ன கோவம்?” என்றாள் அந்த வீட்டுக்காரி.

கைக்குழந்தையின் அம்மா மட்டும் எழுந்தாள். சின்னப் பெண்தான், கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட இருக்காது. குழந்தையைச் சுளகை விட்டுப் பிரித்து எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சேலையில் துடைத்தாள், வாயை விரலால் திறந்து உள்ளே பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பிள்ளையாவது வெளியே வருகிறது என்று வாசலை விட்டு விலகி வழிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பழைய இடத்திலேயே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, அதன் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, சுளகிலிருந்து பத்து மாத்திரையை எண்ணிப் பெட்டியில் போட்டாள்.